பேட்டரி மேல் போட்ட ஈரத் துண்டு

தம்பி, உனக்கும் ஷமீனாவுக்கும் அம்மாவின் சலாம்.

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். போனில் நீ மூன்றே கேள்விதான் கேட்கிறாய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தண்ணீர் வந்ததா. மூன்றுக்கும் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் "சரிம்மா, வெச்சிடறேன்" என்கிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து வைத்தாலும் அது வீட்டில்தான் கிடக்கும், என்றைக்காவது எடுத்துப் படிப்பாய். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இதை ஷமீனாவிடமும் கொடு. அவள் வீட்டு ஆட்கள் கேட்டால் அவர்களுக்கும் படித்துக் காட்டு. நம் சொந்தத்தில் யார் கேட்டாலும் காட்டு. மறைத்து வைத்தது போதும்.

போன வாரம் ஷமீனா போன் பண்ணினாள். எடுத்ததும் சிரித்தாள். "மாமி, உங்க புள்ளைய நீங்களே வந்து இட்டுக்கினு போங்க, எனக்கு வேணாம்" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வர அவள் அத்தா வாங்கிக் கொடுத்த கரண்ட் வண்டியை நீ வீட்டில் சார்ஜ் போடவே விடுவதில்லையாம். வேலை செய்கிற இடத்தில் கெஞ்சிக் கேட்டுப் போட்டுக்கொண்டு வருகிறாளாம். போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கிச் சன்னலில் வைத்துவிடுகிறாயாம். "இன்னாங்க இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன் மாமி. அதுக்கு அவரு, எங்க அத்தாவ நான்தான் கொன்னேன், உன்னையும் கொல்லணுமான்னு கேக்கறாரு. அதுக்கு மேல நான் இன்னா பேசறது?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன். பாதியில் நீ மடித்து வைத்துவிடுவாயோ என்று பயந்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெற்ற அத்தாவை நீ கொல்லவில்லை. நீ அவருக்கு வாங்கிக் கொடுத்த கரண்ட் வண்டியும் கொல்லவில்லை. வீடு தீப்பிடித்த அன்றைக்குப் பேட்டரிக்கு சார்ஜ் போட்டது அத்தா இல்லை. நான்.

அத்தா தன் வாயால் சொன்னதை நீ கேட்டாய், போலீஸ்காரர் எழுதிக்கொண்டார், ஊர் நம்பியது. ஆனால் அது பொய். எனக்காகச் சொன்ன பொய். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நிறுத்தாமல் படி.

நீ அந்த வண்டியை வாங்கிக் கொடுத்த பிறகு அத்தா எப்படி மாறினார் என்று உனக்கு முழுசாகத் தெரியாது, நீ விழுப்புரத்துக்குப் போய்விட்டாய். பழைய பெட்ரோல் வண்டியில் நைட்டி, லுங்கி, துண்டு, பாவாடை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கரியாலூர்ப் பக்கம் போவார். காச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் பாதி வழி தள்ளித்தான் போவார். "வண்டிய நான் ஓட்டறனா, என்ன வண்டி ஓட்டுதான்னே தெரியல" என்பார். நீ வாங்கிக் கொடுத்தது மூட்டையோடு அவரையும் சேர்த்து ஏற்றிவிட்டது. முதல் நாள் திரும்பி வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை, அப்படியே உட்கார்ந்து மலையைப் பற்றியே பேசினார். அத்தனை வருஷமாகத் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போனாராம், அந்த வழியில் இத்தனை மரம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

ஒரே ஒரு குறை, வண்டியில் சத்தம் இல்லை. பழைய வண்டியின் இரைச்சல் கேட்டால் "துணிக்கார பாய் வராரு" என்று பொம்பளைகள் வெளியே வருவார்களாம். இப்போது வாசலில் வந்து நின்றாலும் தெரியவில்லை. "பேய் மாதிரி வந்து நிக்கறீங்களே பாய்" என்று ஒருத்தி திட்டினாளாம். அதற்காக ஒரு சைக்கிள் மணியை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினார். நீ கேலி பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? "அத்தா, கம்பெனிக்காரன் பாத்தா அழுவான்" என்றாய். அந்த மணி இன்னும் இருக்கிறது. வண்டி அன்றைக்கு வெளியே நின்றதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி இல்லாமல் அப்படியே நிற்கிறது. தூசு துடைக்கும்போது என் கை பட்டு மணி அடித்தால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் மணியை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறேன்.

வண்டிக் கடையில் சொல்லிக் கொடுத்ததை அத்தா வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டி வந்த சூடு ஆறாமல் சார்ஜ் போடக்கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் போடக்கூடாது. கரியாலூரில் ராமாயி வீட்டில்தான் பகலில் சார்ஜ் போடுவார். சாமை, கேழ்வரகு போடுகிற மலைக்கார அம்மா, அத்தாவிடம் பல வருஷமாகத் துணி வாங்கியவள். முதல் நாள் அவள் வீட்டில் பார்த்தால், சுவரில் இருந்த பிளக்கில் வெறும் ஒயரைச் சொருகி, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சியை வைத்து அடைத்திருந்ததாம். அத்தா பதறிப்போய்விட்டார். மறுவாரம் போகும்போது கள்ளக்குறிச்சியில் இருந்து புதுப் பிளக் பெட்டியும் நல்ல கனமான ஒயரும் வாங்கிக்கொண்டு போய், ஆளை வைத்து எர்த் கம்பி அடித்து மாட்டிக் கொடுத்தார். "ஒரு ஓட்டைக்கு இவ்ளோ பாக்கறீங்களே பாய், பொண்ணு பாக்கும்போதுகூட இவ்ளோ பாத்திருக்க மாட்டீங்க" என்றாளாம் ராமாயி. அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மலை ஏறி வந்ததும் ஒரு மணி நேரம் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வாராம். "இன்னும் போடலியா பாய்?" என்று கேட்டால், "அதுக்கு மூச்சு வாங்குதும்மா, ஆறட்டும்" என்பாராம்.

அவ்வளவு பார்த்த மனுஷர் நம் வீட்டில் ஒன்றைப் பார்க்கவில்லை. பேட்டரியை எங்கே வைக்கிறோம் என்பதை. அதற்கு வேண்டிய பெரிய பிளக் முன் ரூமில், வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. துணி மூட்டைகளும் அங்கேதான். கழற்றி எடுத்துவந்த பேட்டரியை மூட்டைகளுக்கு நடுவில் தரையில் வைத்துத்தான் தினமும் சார்ஜ் போட்டோம். வெளியே வைக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "வெளில வெச்சா எவனாவது தூக்கிக்கினு பூடுவான்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். திருட்டுக்குப் பயந்து, வீட்டுக்கு உள்ள ஒரே தெருவாசலில் அதைக் காவல் வைத்தோம். அது எங்கள் ரெண்டு பேர் தப்பு. அடுத்து நடந்தது என் தப்பு மட்டும்.

உனக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அத்தா மலையில் இருந்தார், பெருமழை, பஸ் இல்லை. உன் உடம்பு அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி இருந்தது. அத்தாவின் துண்டை நனைத்து உன் நெற்றியில் போட்டேன், காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டேன். விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை அதையே பண்ணினேன். சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, "ஈரத்துணி போட்டீங்களே, அதுதாம்மா நல்லதாப் போச்சு" என்றார். என் வாழ்க்கையில் படித்தவர் ஒருத்தர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் எது சூடாக இருந்தாலும் எனக்கு அதே வைத்தியம்தான். பால் குண்டானுக்கும் ஈரத்துணி, வெயிலில் வந்த தக்காளிக் கூடைக்கும் ஈரத்துணி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அத்தா சீக்கிரமே மலையில் இருந்து இறங்கிவிட்டார். கல்யாண வீட்டுக்கு வேட்டியும் துண்டும் கொடுக்க மூணு மணிக்கு மூங்கில்துறைப்பட்டுக்குக் கிளம்ப வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் வைத்தார். குளித்துவிட்டு வந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டே சொன்னார்.

"இந்தா, அத்தத் தொடாத. சூடா கீது. தொழுதுட்டு வந்து நான் போட்டுக்கறேன்."

"நீங்க வர ரெண்டாயிடும். மூணுக்குக் கிளம்பணும்னா ஏறுமா?"

"ஏறுன வரைக்கும் ஏறட்டும். பத்தலன்னா சங்கராபுரத்துல எங்கனா நிறுத்திக்கறேன். இப்ப இன்னா அவசரம்?"

தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் மலை ஏறி இறங்கி வந்தவர், சாப்பிட்ட கையோடு மறுபடி கிளம்பப் போகிறார், வழியில் எவன் வீட்டு வாசலிலோ சார்ஜுக்காக நிற்கப் போகிறார். நான் இப்போதே போட்டுவிட்டால் அவர் வருவதற்குள் பாதியாவது ஏறியிருக்குமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை என்று அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன், ஈரம் காயவில்லை. ஈரத் தரையில் கரண்ட் சாமான் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் பேட்டரியைத் தூக்கித் துணி மூட்டை மேல் வைத்தேன். சார்ஜரைச் சொருகினேன், விளக்கு எரிந்தது. கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றி மாதிரியே சுட்டது. கொடியில் கிடந்த அத்தாவின் துண்டை நனைத்து, பிழிந்தும் பிழியாமலும், அதன் மேல் விரித்தேன். கொஞ்சம் கழித்து வந்து பார்த்தேன், துண்டு காய்ந்திருந்தது. சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து அதன் மேலேயே தெளித்தேன். தரையில் ஈரம் ஆகாது என்று தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை பார்.

அப்புறம் பின்பக்கம் போய்த் துணி துவைக்க உட்கார்ந்தேன். குழாயைத் திறந்து விட்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது, எவர் வீட்டிலோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது நடுக்கதவு வழியாகக் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே போக முடியவில்லை. பின்வாசல் வழியாகச் சந்தில் ஓடினேன். உனக்கே தெரியும், அந்தச் சந்து சுற்றிக்கொண்டு போய்த்தான் தெருவில் சேரும். நான் முன்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டு அம்மா மார்பில் அடித்துக்கொண்டு நின்றாள். "ஐயோ, நீங்க இங்க கீறீங்களா? உங்கள தேடிக்கினு பாய் உள்ள பூட்டாரே!"

நான் சந்தில் ஓடிய நேரத்தில் அவர் தெருவில் வந்திருக்கிறார். வாசலில் பிடித்த தீக்கு நடுவில் குதித்து உள்ளே போயிருக்கிறார். ஒவ்வொரு ரூமாகத் தேடியிருக்கிறார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், தெருவே கேட்டதாம். கல்யாணம் ஆன நாளில் இருந்து "இந்தா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதை நான் கேட்கவில்லை தம்பி. பின்பக்கம் வந்து, நான் துவைத்துப் போட்டிருந்த துணிகளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ வந்து சேர்வதற்கு முன்னாலேயே போலீஸ்காரர் வந்துவிட்டார். "யாரு சார்ஜ் போட்டது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அத்தா கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "நான்தான் சார். போட்டுட்டுத் தொழுகைக்குப் பூட்டேன்" என்றார். போலீஸ்காரர் போனதும் அத்தா என்னைக் கிட்டே வரச் சொன்னார். குரல் காற்றாகத்தான் வந்தது. "துண்டப் பாத்தேன். நீ வாயத் தொறக்காத. நம்ம ஜனம் உன்னப் பேசியே கொன்னுடும்" என்றார். எரியும்போதும் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறார் பார். நீ வந்ததும் உன்னிடமும் அதையே சொன்னார். ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தார். மண் கொடுத்துவிட்டு வந்து நீ சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நான் வாங்கித் தந்ததுதானே, நான் வாங்கித் தந்ததுதானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

அத்தா சொல்லாதே என்றதால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். அவர் போய்விட்டார், உன்னிடம் சொன்னால் நீயும் போய்விடுவாயோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தும் நீ போய்விட்டாய். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவன்தான், அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் இருந்தேன். புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டில் இருக்க வேண்டிய நாள். முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் குறைந்தது, அப்புறம் யாரும் இல்லை. பின் ரூமில் உட்கார்ந்தால் திறந்த கதவு வழியாக முன் ரூம் சுவர் தெரியும். தரையில் இருந்து மேலே வரை கறுப்பு. உன் மாமா ஆள் அனுப்பி வெள்ளை அடிக்கிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். யாரிடமும் சொல்ல முடியாததை அந்தச் சுவரிடம்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். ரெண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, அளவு குறையவே மாட்டேன் என்கிறது. மிஞ்சியதைக் காலையில் தண்ணீர் ஊற்றி நானே சாப்பிடுவேன்.

ஒருநாள் ராமாயி வந்தாள். சேதி அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். புளியும் கடுக்காயும் ஒரு பையில் கட்டிக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். வந்ததும் அழவில்லை. கறுத்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, பாயா சார்ஜ் போட்டாரு?" என்றாள்.

"ம்" என்றேன்.

"சூடு ஆறறதுக்குள்ளயா?"

நான் அவள் கொண்டுவந்த பையைப் பிரித்தேன்.

"எங்க வூட்டாண்ட மழை கொட்டும், இருட்டிக்கினு வரும். கிளம்புங்க பாய், போட்டுட்டுக் கிளம்புங்கன்னு தொரத்துவேன். ஆறட்டும்மான்னு ஒக்காந்துக்கினே இருப்பாரு. அந்த மனுசன் போட்டாருன்னா சூரியன் மேக்கால மொளைச்சிருக்கணும்" என்றாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, ரெண்டு டம்ளரில் டீ போட்டுக்கொண்டு வந்து ஒன்றை என் கையில் கொடுத்தாள். "ஆறிப் போச்சின்னா நல்லா இருக்காது, குடி" என்றாள். அந்த மாசத்தில் நான் இன்னொரு ஆளோடு உட்கார்ந்து குடித்த டீ அது ஒன்றுதான். அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு நினைத்தேன். மலையில் துணி வாங்குகிற ஒருத்திக்கு அவரைத் தெரிகிறது. பெற்ற பிள்ளைக்கு, அத்தா கவனம் இல்லாமல் செத்தார் என்று இருக்கிறது. என்னைக் காப்பாற்ற அவர் தன் பேரைக் கெடுத்துக்கொண்டார், நீ உன் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டாய். நான் மட்டும் நல்லவளாக உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தா முடிந்து வெளியே வந்து நான் முதலில் பார்த்த ஆள் யார் தெரியுமா? ஒயரிங் வேலை பார்க்கிற ஏழுமலை. அவரிடம்தான் முதல் தடவையாக வாய் திறந்து சொன்னேன். சூடான பேட்டரி, கீழே துணி மூட்டை, மேலே ஈரத் துண்டு என்று. அவர் ஒன்றும் திட்டவில்லை. "எதால புடிச்சிதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த மூணுமே ஆவாது. ஈரத்துணி அதுக்குக் குளிர்ச்சி இல்ல, தண்ணி உள்ள பூந்துச்சின்னா எமன். மூட்டை மேல வெச்சா சூடு வெளிய போவ வழி இல்ல. சும்மா நிழல்ல வெச்சிட்டு வேலையப் பாத்தாலே அதுவா ஆறிடும்" என்றார். சும்மா விட்டிருந்தால் போதும் என்பதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. ஒன்றும் பண்ணாமல் இருக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை தம்பி.

அதனால் ஷமீனா வண்டிக்கு நீ பண்ண வேண்டியதை நான் சொல்கிறேன், அத்தா சொன்னதாகக் கேள். வண்டியைப் பார்த்துப் பயப்படாதே. பயந்து நீ விலகிப் போனால் அவள் எங்கேயாவது, எந்த ஓட்டைப் பிளக்கிலாவது போட்டுக்கொண்டு வருவாள், அதுதான் ஆபத்து. நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள். மாடிப்படிக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடாதே, இறங்க உங்களுக்கு அந்த ஒரு வழிதான். வீட்டுக்காரரிடம் கேட்டு, வெளிச்சுவரில் மழை படாத இடமாகத் தனியாக ஒரு பிளக் போட்டுக்கொள். எர்த் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார். நாலு பிளக் சொருகுகிற நீளப் பெட்டியில் இருந்து இழுக்காதே. பக்கத்தில் துணி, அட்டைப்பெட்டி எதுவும் இருக்க வேண்டாம். மேலே ஒன்றும் மூடாதே. அவள் வேலை விட்டு வந்ததும் வண்டி நிழலில் நிற்கட்டும். நீங்கள் டீ குடித்து, சமைத்து, சண்டை போட்டு முடித்த பிறகு சொருகினால் போதும். தூங்கப் போகும் முன்னால் கழற்றிவிடு. தூங்குகிற வீட்டில் அது ஏறிக்கொண்டு இருக்க வேண்டாம்.

பேட்டரி கீழே விழுந்தாலோ, உப்பினாலோ, கெட்ட வாசனை வந்தாலோ, ஓட்டாமலே சுட்டாலோ கை வைக்காதே, கடைக்காரரைக் கூப்பிடு. புகை வந்துவிட்டால் அணைக்கிறேன் என்று நிற்காதே. அவளை இழுத்துக்கொண்டு வெளியே வா, தீயணைப்புக்குச் சொல். இன்னொன்று, இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். யாரைத் தேடியும் உள்ளே போகாதே. வெளியே நின்று கத்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார். அத்தா அப்படிச் சுற்றிக்கொண்டு வந்திருந்தால், சந்தில் எதிரே ஓடி வந்த என்னைப் பார்த்திருப்பார்.

இதுதான் எல்லாம். இனிமேல் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நீ சொன்னால் அது எனக்கு நியாயம்தான். ஆனால் நீ கொன்றேன் என்று இன்னொரு தடவை சொல்லாதே. அவள் முன்னால் சொல்லவே சொல்லாதே.

ஏழுமலையை வைத்து நம் வீட்டுக்கு வெளியே, கிழக்குச் சுவரில் ஒரு பிளக் போட்டேன். வாசலில் இருந்து தள்ளி, மேலே தகடு வைத்து, மழை படாமல். தனி ஒயர், எர்த், ஏதாவது ஆனால் தானாக விழுகிற ஸ்விட்ச் எல்லாம் உண்டு. கீழே சிமெண்ட் மேடை. திருடன் வருவான் என்று பயம் இல்லை. பக்கத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். வேலை முடிந்ததும் ஏழுமலை கேட்டார், "யாருக்கும்மா இது? உங்க வூட்லதான் வண்டியே ஓடலியே?" என்று. "வரும்" என்றேன்.

ஷமீனாவிடம் விசாரித்தேன். முழுசாக ஏறியிருந்தால் அவள் வண்டி விழுப்புரத்தில் இருந்து எலவனாசூர்கோட்டை தாண்டி நம் வீடு வரைக்கும் வருமாம். திரும்பிப் போக சார்ஜ் பத்தாதாம். இங்கே சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும். ஓட்டி வந்த சூடு ஆற ஒரு மணி நேரம். ஏற நாலு மணி நேரம் என்றாள். ஆக, அஞ்சு மணி நேரம் நீ இந்த வீட்டில் இருந்தாக வேண்டும். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும் சரி, என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாலும் சரி. இந்தத் தடவை நான் கை வைக்க மாட்டேன், நீயே சொருகு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

வேறு சார்ஜர் போடக் கூடாது என்பார் அத்தா. அந்த வண்டியோடு வந்த சார்ஜரையே மறக்காமல் பையில் எடுத்துக்கொண்டு வா.

அம்மா